நகரத்துக்குள் இரண்டு செண்ட்: நாகர்கோவிலில் முதல் வீடு

நாகர்கோவிலில் வீடு தேடிக் கிளம்பினால் காதில் விழும் முதல் கேள்வி, "எத்தனை செண்ட் வேணும்?" என்பது. தரகர் கேட்பார், உறவினர் கேட்பார், பால் ஊற்றுகிறவரும் கேட்பார். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. நூறு செண்ட் ஓர் ஏக்கர். சென்னையில் அரை கிரவுண்ட் என்று சொல்லும் 1,200 சதுர அடி இங்கே மூன்று செண்டுக்கும் குறைவு. அந்த அளவைக் கேட்டால் குமரி மாவட்டத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுற்றுச்சுவர், கிணறு, முன்னால் இரண்டு தென்னை, பின்னால் ஒரு மா, கார் நிற்க இடம், நான்கு பக்கமும் காற்று. ஐந்து செண்டாவது இல்லாமல் வீடு என்று ஒன்று உண்டா என்பதுதான் இங்கே பொதுவான எண்ணம்.

இந்த எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் வீடும் விளையும் சேர்ந்தே இருந்தன. ஒவ்வொரு வீடும் தன் தோப்புக்கு நடுவில் நின்றது. தெருத்தெருவாகச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் கோட்டாறு, வடசேரி, இடலாக்குடி, சுசீந்திரம் போன்ற பழைய ஊர்களுக்கு உரியவை. வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் நாகர்கோவிலுக்கு வந்தவர்கள் தோப்பு வீட்டின் நினைவோடு வந்தார்கள். வளைகுடாப் பணமும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் சேமிப்பும் அந்த நினைவுக்கு விலை கொடுத்தன. புன்னை நகர், ராமவர்மபுரம், வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம் என்று நகரம் விரிந்தது இப்படித்தான்.

இடமோ விரியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதில் ஏறக்குறைய 30 விழுக்காடு காடு. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18,70,374. சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் என்றால், மாநிலச் சராசரியான 555ஐப் போல இரு மடங்கு. நகர்ப்புறத்தில் வாழ்வோர் 82 விழுக்காட்டுக்கும் மேல். நாகர்கோவிலின் மக்கள்தொகை மட்டும் 2,24,849. 2019இல் அது மாநகராட்சியும் ஆனது. மேற்கே கேரளம், தெற்கே கடல், வடக்கே மலை. நகரத்தைச் சுற்றி எஞ்சியது வயலும் குளமும்தான்.

இந்த நெருக்கடியில் மாதச் சம்பளக்காரக் குடும்பம் ஒன்று முதல் வீடு வாங்க நினைத்தால் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள். "டவுனுக்குள்ள கட்டுப்படியாகாது. கொஞ்சம் தள்ளிப் போனா அதே காசுக்கு அஞ்சு செண்ட் கெடைக்கும்." அது பல சமயம் தவறான யோசனை என்பது என் கருத்து. குறைந்த பணத்தில் முதல் வீடு வாங்குகிறவர், நகரத்தின் பழைய தெருக்களில் இரண்டு மூன்று செண்டில் நிற்கும் பழைய வீடுகளை முதலில் பார்க்க வேண்டும். ஆவணம் சுத்தமாக இருந்தால் வெளியே இருக்கும் ஐந்து செண்ட் மனையைவிட அது நல்ல வீடு. இந்த 'இருந்தால்' லேசானதில்லை. கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

வயலில் எழும் வீடு

நகரத்துக்கு அருகில் மலிவாக வரும் மனை ஏன் மலிவு? பெரும்பாலும் நஞ்சை என்பதால். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. பழையாற்றுத் தண்ணீரும், 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரும் குளம் குளமாக நிறைந்து வயலுக்குப் போயின. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். இன்று அந்த வயல்களில் பெரும்பகுதி தென்னந்தோப்பாகவோ வாழைத்தோட்டமாகவோ மனைப்பிரிவாகவோ மாறிவிட்டது. மாற்றம் பல இடங்களில் ஒரே வரிசையில் நடந்தது. முதலில் தண்ணீர் வருவது நிற்கும். பிறகு வாழை வரும். அதன்பின் மண் லாரி வரும், கல் ஊன்றப்படும்.

வயல் மனையில் ஐந்து செண்ட் என்பது 2,178 சதுர அடி. சாலை மட்டத்துக்குக் கொண்டுவர நான்கு அடி மண் போட வேண்டும் என்று வையுங்கள். 8,712 கன அடி வரும். நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 87 யூனிட். இறுகும்போது குறைவதால் நூறைத் தாண்டிவிடும். அந்த மண்ணும் இந்த மாவட்டத்தின் ஏதோ ஒரு குன்றை வெட்டித்தான் வருகிறது. அதன் மேல் கருங்கல் அஸ்திவாரம் மட்டும் போட்டுக் கட்ட முடியாது. களிமண்ணைத் தாண்டி இறங்கும் பைலோ, தூண்களை இணைக்கும் கிரேடு பீமோ வேண்டும் என்று பொறியாளர் சொல்வார். சொல்லாத பொறியாளரை நம்பாதீர்கள். மனை விலையில் மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல பங்கு தரைக்குக் கீழேயே போய்விடும்.

தண்ணீர் பழைய வழியை மறப்பதும் இல்லை. 2021 நவம்பர் மழையிலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழையிலும் நீர் தேங்கியது தாழ்ந்த இடங்களில்தான். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. பறவைகளுக்காக உலகம் கவனிக்கும் ஓர் ஈரநிலம் நாகர்கோவிலின் வாசலில் கிடக்கிறது. அதன் ஆயக்கட்டு வயல்களில் மண் நிரப்பி வீடு கட்டுவது அந்தக் குளத்தின் இடத்தை நம் வீட்டுக்குள் எடுத்துக்கொள்வதாகும். வீடில்லாத குடும்பத்தின் மேல் அந்தப் பழியை ஏற்றுவது என் நோக்கமில்லை. வயல் மனையின் உண்மையான விலை விற்பனைப் பலகையில் எழுதிய விலை இல்லை என்பதை அந்தக் குடும்பம் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை.

சட்டமும் இங்கே கண்டிப்பானது. அங்கீகாரம் பெறாத மனைகளின் பதிவுக்கு சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017இல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கு மட்டும் ஒரு வாசலைத் திறந்துவிட்டன. விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற நகர ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். மலையடிவார ஊர்களில் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகளும், தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரலாம். "பக்கத்து மனையெல்லாம் பதிவாயிருக்கு" என்பது இந்த எதற்கும் பதிலாகாது.

தூரத்தின் கணக்கு

நகரத்துக்குள் வாழ்வதற்கு ஆதரவாகப் பெட்ரோல் மிச்சத்தைச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வாதம் அவ்வளவு வலுவாக இல்லை. ஈத்தாமொழியிலோ திட்டுவிளையிலோ இருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் 10 கிலோமீட்டர். ஒருவர் மோட்டார் சைக்கிளில் மாதம் 25 நாள் போய்வந்தால் 500 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் 10 லிட்டர், ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். இருவர் தனித்தனி வண்டியில் போனால் இரண்டாயிரம். 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு ஒரு லட்சம் கடனுக்கான மாதத் தவணை 868 ரூபாய். ஆகவே மிச்சமாகும் பெட்ரோல் தாங்கக்கூடிய கூடுதல் கடன் இரண்டேகால் லட்சம் சொச்சம்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மாலையில் டியூஷன் முடிந்து வரும் பிள்ளை, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை போகும் வயதான தாய், இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலி. இவர்களுக்குக் கடைசிப் பேருந்தின் நேரம்தான் வீட்டின் விலை. வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்துக்கோ மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்துக்கோ நடந்து போகும் தொலைவில் வீடு இருந்தால் குடும்பத்தில் ஒவ்வொருவரும் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வரலாம். இரண்டாவது வண்டியும் வேண்டாம். என் பார்வையில் நகரத்துக்குள் வாங்குவதற்கான முதன்மையான காரணம் இதுதான். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீடு தருகிற நடமாட்டம்.

இரண்டு செண்ட் வீடு எப்படி இருக்கும்

கோட்டாற்றிலும் கிருஷ்ணன்கோவிலிலும் வடசேரியின் உட்தெருக்களிலும் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் உண்டு. தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் திண்ணை. நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். நடுவில் சின்ன முற்றம் இருந்தால் அதிர்ஷ்டம். பின்கட்டில் அடுக்களை, கிணறு, அதையொட்டிக் குளியலறை. மேலே ஓடு. உத்திரமும் கைமரமும் பலாவாகவோ அயினியாகவோ தேக்காகவோ இருக்கும். இப்படி ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் பெயின்ட்டைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது கைமரம் சுவரில் அமரும் முனையை. ஓடு ஒழுகினால் ஈரம் முதலில் அங்கேதான் இறங்கும், கறையானும் அங்கேதான் ஏறும். ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். மரம் தடுத்தால் கூரைக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. சோளத்தட்டை போல உள்ளே போனால் கூரை முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

அடுத்தது சுவர். ஒட்டிய வீடுகளில் பக்கச் சுவர் யாருடையது என்பது பெரிய விஷயம். பொதுச்சுவர் என்று ஆவணத்தில் எழுதியிருந்தால் மாடி எழுப்பும்போது பக்கத்து வீட்டாரின் சம்மதம் வேண்டியிருக்கும். அவர்கள் ஓட்டுத் தண்ணீர் உங்கள் முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தால், 20 ஆண்டு தடையின்றி அனுபவித்த உரிமையாக 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் அதை ஏற்கும். இரண்டு செண்டில் கிணற்றுக்கும் கழிவுத்தொட்டிக்கும் இடைவெளி சில அடிகள்தான். ஆகவே கிணற்று நீரைக் குடிநீராகக் கணக்கிட வேண்டாம். மாநகராட்சிக் குழாய் இணைப்பு இருக்கிறதா, கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை.

வழி என்பது இந்த மாவட்டத்தில் தனி அத்தியாயம். மனை விளம்பரங்களிலேயே 'கார் போகும் வழி', 'ஆட்டோ போகும் வழி', 'நடைவழி' என்று தரம் பிரிப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரித்துப் பிரித்து, உள்ளே இருக்கும் மனைக்கு முன்மனையின் ஓரமாக மூன்றடி பாதை விட்டிருப்பார்கள். நடைவழி வீடுகள் தெளிவாகவே மலிவு. பணம் குறைந்தவர் அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. கார் வாங்கும் எண்ணம் இல்லாதவருக்குக் கார் வழி எதற்கு? ஆனால் அந்த மூன்றடி ஆவணத்தில் அகலத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். "எப்பவும் இப்படித்தான் போறோம்" என்பது, முன்மனை கைமாறிப் புதியவர் கேட் போடும் நாள்வரைதான் செல்லும். ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியைப் பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவிலில் அவை குறைவு, அவற்றின் மேல் விருப்பமும் குறைவு. கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையில் வாங்கும்போது 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. தனி வீட்டைவிட இது குறைவு. எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையோ உள்ள திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தனியாக வாழும் முதியவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் விலையில் முதல் வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

திருவிதாங்கூர் ஆவணங்கள்

தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் வீடு வாங்குவதற்கான அறிவுரைகள் இங்கே பாதிதான் பொருந்தும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்–கொச்சி. நிலத்தின் வகைகள் வேறு, வாரிசுச் சட்டங்கள் வேறு, ஆவணத்தில் எழுதும் ஆண்டே வேறு. பழைய வீட்டின் மூல ஆவணத்தைக் கையில் எடுத்தால் கொல்லம் ஆண்டு 1113 என்று இருக்கும். அது 1937–38. எல்கைகள் நான்கும் மனிதர்களின் பெயரால் சொல்லப்பட்டிருக்கும்: கிழக்கே இன்னாருடைய விளை, தெற்கே இன்னாருடைய கையாலை. அந்த இன்னார்கள் இறந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். மேற்குத் தாலுகாக்களில் ஆவணம் மலையாளத்திலேயே இருப்பதும் வழக்கம். இன்றைய பட்டாவோ சதுர மீட்டரில் பேசும். இரண்டு செண்ட் என்றால் 80.9 சதுர மீட்டர். பழைய ஆவணத்தின் எல்கையும் டவுன் சர்வே எண்ணும் தரையில் ஊன்றிய கல்லும் ஒரே இடத்தைத்தான் சொல்கின்றனவா என்று அளவர் ஒருவரை வைத்து அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இரண்டு செண்டில் ஓரடி குறைந்தாலும் ஓர் அறை குறுகிவிடும்.

சில நிலங்களின் பிறப்பே வேறு வகை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் இந்த மாவட்டத்தில் இருந்தன. 1964இல் தனிச் சட்டம் இயற்றி அவற்றை ரயத்துவாரியாக மாற்றினார்கள். கோயிலுக்கும் மடத்துக்கும் உரிய இடத்தில் தரைவாடகைக்கு வீடு கட்டிக் குடியிருப்போரும் பழைய தெருக்களில் உண்டு. அங்கே விற்கிறவரிடம் கட்டடம் மட்டுமே இருக்கும், தரை இருக்காது. விலை பாதியாக இருப்பதன் காரணம் அதுவாக இருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது வாரிசுரிமை. மருமக்கள் வழியைப் பின்பற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் தாய்வழிச் சொத்து தனித்தனியாகப் பிரிய வழி செய்தது 1926ஆம் ஆண்டின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம். அதற்கு முன்பிருந்த துயரத்தைக் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்று எழுதினார். மருமக்கள் வழியால் இன்று வழக்கு வருவது அரிது. ஆனால் ஒரு வீட்டின் மூல ஆவணம் அந்தக் காலத்துப் பாகப்பத்திரமாக இருக்கலாம். தபசிலில் சொன்ன பாகம் யாருக்குப் போனது என்ற சங்கிலி அறுபடாமல் இன்றுவரை வர வேண்டும்.

மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகனுக்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவே மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. 1986 பிப்ரவரி 24 அன்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பழைய திருவிதாங்கூர்–கொச்சிப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. மகனும் மகளும் சமம். தீர்ப்பு வந்தது 1986இல், விளைவோ 35 ஆண்டு பின்னோக்கிப் போனது. அந்த இடைவெளியில் சகோதரர்கள் மட்டும் கையெழுத்திட்டுப் பிரித்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ. சகோதரிகளின் பங்கு தாளில் இல்லை என்பதால் சட்டத்திலும் இல்லை என்று ஆகிவிடாது. கூட்டு உரிமையாளருக்கு எதிராக வெறும் அனுபவம் எத்தனை ஆண்டு இருந்தாலும் தானாக உரிமையாக மாறாது. அவர்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்கள் அறிய அனுபவித்திருக்க வேண்டும்.

இந்துக் குடும்பங்களிலும் கதை அதிகம் மாறவில்லை. தந்தை தானே சம்பாதித்த சொத்தில் 1956 முதலே மகளுக்குச் சமபங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திருத்தமும் மகளைக் கூட்டுப் பங்காளி ஆக்கின. இடலாக்குடியிலும் கோட்டாற்றிலும் முஸ்லிம் குடும்பத்து வீடு என்றால் மகளுக்கு மகனின் பங்கில் பாதி. எந்த மதமானாலும் வாங்குகிறவர் கேட்க வேண்டியது ஒன்றே: கூடப்பிறந்த பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? போடவில்லை என்றால் விற்பனைக்கு முன் விடுதலைப் பத்திரம் எழுதச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் அத்தகைய பத்திரத்துக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அல்லது அந்தப் பெண்களே விற்பவர்களாகக் கிரயப் பத்திரத்தில் சேரட்டும். அது இன்னும் நல்லது. அவர்களுக்குப் பணமும் போய்ச் சேரும். சகோதரியின் பங்கைக் கொடுக்காமல் ஏமாற்றிய வீட்டை மலிவாக வாங்குவதில் எனக்குச் சட்டத்தைத் தாண்டிய மறுப்பும் உண்டு.

ஒரு சகோதரர் குவைத்தில், ஒரு சகோதரி டெக்சாசில் என்பது இங்கே சாதாரணம். அவர்கள் அனுப்பும் பவர் பத்திரம் இந்தியத் தூதரகம் போன்ற உரிய இடத்தில் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வையும் செலுத்த வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைப் பதிவு நாளன்று காணொளியில் பேசி உறுதி செய்யுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் கொடுத்தவர் இறந்தால் பவரும் செத்துப்போகும்.

"பத்திரம் பதிவாகிவிட்டதே, அரசாங்கமே பார்த்துத்தானே பதிவு செய்தது?" என்று நம்புகிறவர்கள் ஏராளம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பதிவு விதி 55–அவின் ஒரு பகுதியைச் செல்லாது என்று அறிவித்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பட்டாவும் முழு உரிமைச் சான்றாகாது. வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத ஒத்தியையோ எழுதாமல் நின்றுபோன பாகத்தையோ அது காட்டாது. ஆகவே நல்ல சிவில் வழக்கறிஞரின் கட்டணத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கிக்காக. உங்களுக்காகப் பார்க்க ஒருவர் தனியாக வேண்டும்.

கையில் எவ்வளவு வேண்டும்

ஓர் உதாரணத்துக்கு, இரண்டு செண்ட் பழைய வீட்டின் விலை 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பழைய கட்டடத்துக்கு மதிப்பீட்டாளர் குறைத்துத்தான் போடுவார், தவணைக் காலத்தையும் கட்டடத்தின் ஆயுளைப் பார்த்துச் சுருக்குவார்கள். 20 லட்சம் கிடைத்தால் நல்லது. 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை 17,356 ரூபாய், மொத்த வட்டி 21.65 லட்சம். அதையே 15 ஆண்டாக்கினால் தவணை 19,695 ஆகும், வட்டி 15.45 லட்சமாக இறங்கும். மாதம் 2,300 சொச்சம் கூடுதலாகக் கட்டினால் 6 லட்சம் மிச்சம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது.

கடனுக்குள் வராதது பதிவுச் செலவு. 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. 25 லட்சத்துக்கு 2.25 லட்சம். மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. வீட்டு விலையில் கடன் போக மீதி 5 லட்சம், பதிவு 2.25 லட்சம், தரகு, வழக்கறிஞர், அளவர், மதிப்பீடு, குடிபோகும் முன் செய்தே ஆக வேண்டிய வயரிங், குழாய், கூரை வேலை. எல்லாம் சேர்த்தால் 10 லட்சத்தைத் தொடும். கையில் அது இல்லாமல் முன்பணம் கொடுத்துவிட்டு, மீதிக்கு நகையும் வட்டிக்கடையுமாக அலைகிற குடும்பங்களே பிறகு தவணை தவறுகின்றன. அவ்வளவு சேரும்வரை ஒத்தி வீட்டில் இருக்கலாம் என்பது இங்குள்ள வழக்கம். இருக்கலாம். ஆனால் ஒத்திப் பணம் லட்சக்கணக்கில் என்றால் அதையும் பதிவு செய்யுங்கள். அந்தப் பணம்தான் உங்கள் வீட்டின் விதை.

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால், முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு மானியம், ஐந்து ஆண்டுத் தவணைகளில் அதிகபட்சம் 1.80 லட்சம். புது வீட்டுக்கு மட்டுமில்லை, பழைய வீடு வாங்கவும் இது பொருந்தும். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் பெயரில் நாட்டில் எங்கும் நிரந்தர வீடு இருக்கக் கூடாது. பெற்றோர் பெயரில் இருப்பது தடையில்லை.

விற்பவர் பாதியை ரொக்கமாகக் கேட்பார். பத்திரத்தில் குறைத்து எழுதலாம், தீர்வை மிச்சம் என்பார். மறுத்துவிடுங்கள். வங்கி பார்ப்பது பத்திரத்தில் உள்ள தொகையைத்தான். மீதி முழுவதும் உங்கள் கைப்பணமாக வேண்டும். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதமும் உண்டு. இதை விற்பவரிடம் அமைதியாகச் சொன்னால் பலர் இறங்கி வருவார்கள். கிரய ஒப்பந்தத்தையும் வெள்ளைத் தாளில் முடித்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயப் பதிவுக்கு உட்பட்டது.

நாகர்கோவிலின் பழைய தெருக்களில் நடந்தால் பூட்டிய வீடுகள் கண்ணில் படும். திண்ணையில் சருகு, கதவில் துருப்பிடித்த பூட்டு. வாங்க ஆளில்லாமல் அவை பூட்டிக் கிடக்கவில்லை. ஐந்து வாரிசுகள் ஐந்து ஊரில் இருப்பதாலும், எல்லோரும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வந்து நிற்க முடியாததாலும்தான். முதல் வீடு தேடும் குடும்பங்களுக்கு நகரத்துக்குள் இருக்கும் பெரிய கையிருப்பு இந்த வீடுகள். முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கிற பதிவுத்துறை, வெளிநாட்டிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் மக்கள் ஊர் திரும்பும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் இந்த மாவட்டத்தின் அலுவலகங்களில் பாகப் பத்திரத்துக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் என்றே தனி டோக்கன் ஒதுக்கலாம். கொல்லம் ஆண்டு ஆவணங்களைத் தேடி எடுத்துத் தரவும் மலையாள ஆவணங்களைத் தமிழில் பெயர்த்துச் சான்றளிக்கவும் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒருவரை அமர்த்தலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம், துறையின் ஓர் உத்தரவு போதும்.